பின்படிக்கட்டு

தார்த்துவில் பிப்ரவரி.
எட்டு மணிக்கும் விடிய மனமில்லாத வானம்.
ஆய்வுக்கூட மேசையில்
செருப்புப் பெட்டி அளவில் ஒரு ரோபோ,
முற்றத்துக்குப் பதில் ஒரு தட்டு,
பனிக்குப் பதில் கோதுமை மாவு.

பனியை அள்ளு என்று அதனிடம் சொல்ல முடியாது.
எதைக் கண்டால் மகிழ வேண்டும் என்று மட்டுமே
சொல்லிக்கொடுக்கலாம்.
ரீனு எழுதினாள்:
கேமராவில் வெள்ளை குறையக் குறைய
மதிப்பெண் ஏறட்டும்.
நான் தலையாட்டினேன்,
வருடா வருடம் இந்த இடத்தில்
ஆட்டுகிற மாதிரியே.

இரவு முழுக்கப் பழகியது.
காலையில் மாவு வைத்தது வைத்தபடி.
ரோபோ மட்டும் மூலைக்குப் போய்
பழுப்புச் சுவரைப் பார்த்து நிற்கிறது
தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி.
நூற்றுக்கு நூறு.

பூனை கண்ணை மூடிக்கொண்டது.
உலகம் ஒன்றும் இருண்டுவிடவில்லை.
பாலை ஊற்றியது நாங்கள்.

வகுப்பு சிரித்தது. சிரிக்கவேண்டிய இடம்தான்.
பிறகு இரண்டு வாரம்
நாங்களே நேரில் நின்று, தட்டைப் பார்த்து,
கையால் மதிப்பெண் போட்டோம்.
திருந்திவிட்டது. மூலை முடுக்கெல்லாம் வழித்தது.
பாடம் முடிந்தது என்று அடுத்த அத்தியாயம் போனேன்.

ஐலர் போகவில்லை.
ஒரு மாலை என் கதவைத் தட்டினான்,
விரலில் கறுப்பு ஒட்டுநாடா.
நாங்கள் மதிப்பெண் போடும்போதெல்லாம்
பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியுமாம்.
அதன்மேல் நாடாவை ஒட்டியிருக்கிறான்.
ரோபோ ஒரு கணம் தயங்கி
மெல்லத் திரும்பி
சுவருக்கே போயிற்று.

"அதற்கு நம்மைத் தெரியுமா?"
நம்மைத் தெரியாது, விளக்கைத் தெரியும் என்றேன்.
"என்ன வித்தியாசம்?"
காபி ஆறுகிறது என்றேன்.

எங்கள் கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டு.
முன்படியில் விடியுமுன்பே சல்லி தூவியிருக்கும்.
ஆற்றுப் பக்கம் இறங்கும் பின்படியில்
ஒருநாளும் கிடையாது.
நவம்பரில் அங்கே வழுக்கி
மணிக்கட்டை முறித்துக்கொண்டேன்.
பராமரிப்பாளர் வால்தூர்
வருத்தப்பட்டார், உண்மையாகவே.
"டீன் முன்வாசலில்தானே வருகிறார்" என்றார்.

வியாழக்கிழமை
தாலினிலிருந்து தரமதிப்பீட்டுக் குழு.
அன்று காலை பின்படியில் சல்லி,
கைப்பிடியில்கூட ஒரு துளி பனி இல்லை.
நானும்தான்:
இஸ்திரி போட்ட சட்டை,
'பொறுப்பு' என்ற சொல் மூன்று முறை வரும்
புதிய ஸ்லைடு ஒன்று.
பாடத்தின் பயனை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.
மாணவர் கருத்துப் படிவம், ஐந்துக்கு நாலு புள்ளி ஏழு
என்று சொன்னேன்.
படிவம் நிரப்பிய வாரம் வகுப்புக்குச்
சாக்லேட் கொண்டுபோனதைச் சொல்லவில்லை.
கடைசி வரிசையிலிருந்து ஐலர் பார்த்தான்.
ஏளனமில்லை.
நாடா ஒட்டியபின் ரோபோவைப் பார்த்திருப்பானே,
அந்தப் பார்வை.

எங்கள் கட்டுரையின் கடைசி வரி:
'விளக்கு அணைந்தபின் அது என்ன செய்யும் என்பது
எங்களுக்குத் தெரியாது.'
முடிவுரை பலவீனமாக இருக்கிறது,
நீக்கவும் என்று ஒரு மதிப்பாய்வாளர்.
செவ்வாய் நீக்கினேன்.
புதன் திரும்ப எழுதினேன்.
வெள்ளிவரை அவகாசம் இருக்கிறது.

குழு ஊர் திரும்பி நாலு நாள்.
இரவு ஒன்பது மணி, பேருந்துக்கு நேரமாயிற்று,
பின்வழிதான் குறுக்கு.
வாசல் விளக்கு எரியவில்லை.
நேற்று இரவெல்லாம் கொட்டிய பனி
பகலில் இளகி, இப்போது இறுகியிருக்கும்.

கைப்பிடியைப் பற்றி
ஒரு காலை மட்டும் இறக்குகிறேன்.
நற என்று ஏதோ.

சல்லியா, பனிக்கட்டியா?
எடையை மாற்றினால்தான் தெரியும்.